சக்கிமுக்கி ரைஃபிள்: முதல் வேலை புதுசு கட்டுவதா, பழசைத் தேற்றுவதா?

செந்தூரன்

பென்சில்வேனியா நீள்ரைஃபிள் ஒன்றைக் கையால் கட்டவேண்டும் என்பது திட்டம். முன்நிறைப்பு வகை, அதாவது வாய்வழியாக மருந்தும் குண்டும் நிறைத்துச் சக்கிமுக்கிக் கல்லால் பற்றவைப்பது. நல்ல மேசை வைஸ், மூன்று உளி, இரண்டு அரம், ஒரு கை டிரில் இருக்கின்றன. இதற்கிடையே உள்ளூர் ஏலத்தில் பழைய அரைக்கட்டை (குழலின் முன்பாதிக்கு அடியில் மரம் இல்லாத) கேப்லாக் (கல்லுக்குப் பதில் வெடிமூடியால் பற்றவைக்கும்) ரைஃபிள் ஒன்று மலிவாக வருகிறது. குழல் முழுக்கத் துரு, கட்டையின் (மரப்பகுதியின்) கழுத்தில் விரிசல், குதிரை (அடிக்கும் சுத்தி) அசையவில்லை. அதைத் தேற்றிக் கை பழகிவிட்டுப் பிறகு கிட் (பாகங்களாக வரும் தொகுப்பு) வாங்கலாமா, இல்லை நேராகக் கிட்டா? இருப்பிடம் அமெரிக்கா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பார்கள், அதனால் சொல்லிவிட்டேன்.

உளிமுனை

நேராகக் கிட். ஏலத்தில் வருவதை வேண்டுமானால் வாங்கி வையுங்கள், ஆனால் உங்கள் உளி அதன்மேல் படக்கூடாது. புதுக் கட்டையில் தப்புச் செய்தால் போவது உங்கள் மேப்பிள். 1850 வாக்கில் செய்த கட்டையில் தப்புச் செய்தால் அதைத் திரும்ப யாராலும் கொண்டுவர முடியாது.

கிட் மூன்று வகை. ஒன்று, கணினி இயந்திரம் வெட்டிய கட்டை: குழல், லாக் (பற்றவைக்கும் பொறியமைப்பு), வால் (குழலின் பின்முனையை அடைக்கும் பிரீச் பிளக்கின் நீட்சி) எல்லாம் ஏறக்குறைய தானாகவே உட்காரும், மிச்சம் துளையிடுவது, மேற்பரப்பைச் செதுக்குவது, நிறம் ஏற்றுவது. இரண்டாவது, முன்செதுக்கிய கட்டை: குழல் பள்ளமும் கெசக்கோல் (குண்டை உள்ளே இறக்கும் கோல்) துளையும் போட்டிருக்கும், லாக் பள்ளம் பாதியோ முழுசோ உங்கள் பொறுப்பு. மூன்றாவது வெறும் பலகை. முதல் ரைஃபிளுக்கு முதல் வகையே சரி. அதை “ஒட்டுவேலை” என்று இளக்காரமாகப் பேசுவார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கோடு, விளிம்பு, தடிமன் எப்படி இருக்கவேண்டும் என்று கண் பழகுவது அதில்தான்.

குழல்: .45 அல்லது .50 காலிபர் (துளையின் விட்டம், அங்குலத்தில்), 42 அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட நீளம், 48 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் புரி (உள்ளே ஓடும் சுருள் பள்ளம்), வட்ட ஈயக் குண்டுக்கு. இடை சிறுத்த குழலாக இருந்தால் தோளில் வைக்கும்போது முன்பாரம் தெரியாது. நேர்க்குழல் மலிவு, ஆனால் மூக்கு கனக்கும்.

துருவேட்டை

ஏலத் துப்பாக்கியை வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை துரு எடுப்பது அல்ல. உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது.

கெசக்கோலையோ மெல்லிய மரக்கம்பையோ வாயிலிருந்து அடிவரை மெதுவாக இறக்குங்கள். வாய் விளிம்பில் கம்பில் ஒரு பென்சில் கோடு. கம்பை வெளியே எடுத்து, அந்தக் கோடு வாயோடு நிற்கும்படி குழலின் வெளிப்புறத்தில் சாய்த்து வையுங்கள். கம்பின் நுனி நிப்பிள் (வெடிமூடி உட்காரும் குமிழ்) இருக்கும் இடத்துக்கு வரவேண்டும். ஓரங்குலமோ அதற்கு மேலோ முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது: குண்டும் மருந்தும், அல்லது வெறும் துணியும் குளவிக்கூடும். பேட்டன்ட் பிரீச் என்றால் அடியில் குறுகலான அறை இருப்பதால் காலியான குழலிலும் கம்பு கொஞ்சம் முன்னாலேயே நிற்கும். எதுவானாலும் சந்தேகம் இருக்கும்வரை நிறைத்த துப்பாக்கி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நூறு வருடம் கழிந்தாலும் கரிமருந்து மருந்துதான். நனைத்தால் செத்துப்போகும் என்பது பாதி உண்மை. காய்ந்தால் மறுபடி பற்றும். நிறைத்திருக்கிறது என்று தெரிந்தால் சூடு காட்டாதீர்கள், டிரில் விடாதீர்கள், அடித்துத் திறக்காதீர்கள். குழலின் வாய் எங்கே பார்க்கிறது என்பதில் கவனமாக இருந்து, முன்நிறைப்புத் துப்பாக்கி தெரிந்த கன்ஸ்மித்திடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள்.

செந்தூரன்

இரண்டு பேருக்கும் நன்றி. கிட் என்று முடிவு செய்துவிட்டேன், முன்செதுக்கிய வகை. பள்ளம் எடுக்கக் கற்றுக்கொள்ளவேண்டும் என்ற ஆசை. எந்த வரிசையில் போகவேண்டும்? எல்லாரும் லாக்கிலிருந்து ஆரம்பிக்கிறார்கள் போலத் தெரிகிறது.

உளிமுனை

லாக்கிலிருந்து ஆரம்பித்தவர்கள்தான் பிறகு பற்றுவாயை (தீ குழலுக்குள் போகும் சிறு துளையை) தப்பான இடத்தில் துளைப்பார்கள். குழல் முதலில். குழல் பின்னுக்கு எவ்வளவு போய் நிற்கிறது என்பது தெரியாமல் வேறு எதன் இடமும் தெரியாது.

வரிசை இது: குழலும் பிரீச் பிளக்கின் வாலும், பிறகு லாக், பிறகு விசை (ட்ரிகர்), பிறகு அடித்தகடு (தோளில் படும் தகடு), கெசக்கோல் வளையங்கள், ட்ரிகர் கார்ட், பக்கத்தகடு, குழல் ஊசிகள் (குழலைக் கட்டையோடு பிடிப்பவை). அடித்தகட்டைச் சிலர் குழலுக்கு அடுத்தே முடிப்பார்கள், காரணம் விசையிலிருந்து தோள்வரை உள்ள நீளம் அதில்தான் முடிவாகும். பெரும்பாலோருக்கு 13 முதல் 14 அங்குலம். குளிர்காலத்துக் கனத்த கோட்டோடு சுடுபவர் என்றால் அரை அங்குலம் குறையுங்கள்.

பள்ளம் எடுப்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை, கறைதான். எண்ணெய் விளக்குச் சுடரில் இரும்பைக் காட்டிப் புகைக்கரி ஏற்றுங்கள், அல்லது கடையில் விற்கும் கறுப்பு மையைத் தடவுங்கள். பாகத்தைப் பள்ளத்தில் நேராக இறக்கி, மேலிருந்து கொட்டாப்புளியால் லேசாக ஒரு தட்டு, நேராக வெளியே. கரி ஒட்டிய இடத்தை மட்டும் சீவுங்கள். ஒட்டாத இடம் ஏற்கெனவே ஆழம். அங்கே தொட்டால் அது நிரந்தர ஓட்டை. ஒரு தடவைக்குத் தபால் அட்டையின் தடிமனுக்கு மேல் எடுக்காதீர்கள்.

நிறையப் பேர் செய்யும் தப்பு: பாகத்தைச் சாய்வாக எடுப்பது. ஒரு முனையைத் தூக்கி மறுமுனையைக் கட்டையில் அழுத்தி எடுத்தால் மேல் விளிம்பு நசுங்கிவிடும். முடிவில் குழலைச் சுற்றி நூல் கனத்துக்கு ஓர் இடைவெளி தெரியும். வாலின் பின்விளிம்பை உள்நோக்கி அரத்தால் இரண்டு பாகைபோல் சரித்துக்கொண்டால் இறங்கும்போது இறுகும், ஏறும்போது உரசாது. குழலின் அடியில் பின்சுவர் முழுதாக மரத்தில் முட்டவேண்டும். வால் மட்டும் முட்டினால், சுடும் ஒவ்வொரு முறையும் வாலின் பின்னால் கட்டை பிளக்கப் பார்க்கும்.

லாக்தச்சன்

லாக்கின் இடத்தைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன், இங்கேதான் ரைஃபிள் சுடுமா சுடாதா என்பது முடிவாகிறது.

பிரீச் பிளக் எங்கே முடிகிறது என்பதைக் குழலின் வெளியே கோடாகக் குறித்துக்கொள்ளுங்கள். பற்றுவாயின் நடு அந்தக் கோட்டுக்குச் சற்று முன்னால் விழவேண்டும், அதே நேரம் ரஞ்சகக் கிண்ணத்தின் (பற்றவைக்கும் மருந்து இடும் கிண்ணத்தின்) நடுவிலும் இருக்கவேண்டும். உயரத்தில் கிண்ணத்தின் மேல்விளிம்போடு சமம். சூரியன் கடலில் பாதி இறங்கியதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் லாக்கை முன்பின்னாக நகர்த்தி இடம் பார்த்த பிறகுதான் உளியை எடுக்கவேண்டும். பற்றுவாய் பிளக்கின் முகத்துக்குப் பின்னால் விழுந்தால் பிளக்கில் கீறு வெட்டவேண்டிவரும், அங்கே கசடு அடைந்துகொண்டே இருக்கும்.

லாக் தகடும் கிண்ணத்தின் உள்விளிம்பும் குழலின் பக்கவாட்டு முகத்தில் ஒளி புகாமல் ஒட்டவேண்டும். இடைவெளி இருந்தால் ரஞ்சகம் உள்ளே கொட்டி லாக் பள்ளத்தில் தேங்கும். தேங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பள்ளம் எடுக்கும்போது முழு லாக்கை ஒரேயடியாக இறக்கப் பார்க்காதீர்கள். எல்லாவற்றையும் கழற்றி வெறும் தகடு முதலில். அது உட்கார்ந்த பிறகு டம்ப்ளரும் (குதிரையோடு சேர்ந்து சுழலும் துண்டு) பிரைடிலும் (அதைப் பிடிக்கும் பாலம்), அடுத்து சியர் (குதிரையை நிறுத்தும் கொக்கி), சியர் ஸ்பிரிங், கடைசியில் பெரிய ஸ்பிரிங். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழி. மொத்தமாகத் தோண்டினால் கழுத்தில் மரமே மிஞ்சாது, அங்கேதான் கட்டை ஒடியும்.

செந்தூரன்

கிட் வந்துவிட்டது. லாக் வெளியே இருக்கும்போது முழுக்குதிரையில் (சுடத் தயாராகக் குதிரையை முழுக்க இழுத்த நிலையில்) அழகாக நிற்கிறது. கட்டையில் போட்டுத் திருகை இறுக்கினால் நிற்கவில்லை, நழுவி விழுகிறது. லாக் பழுதா?

லாக்தச்சன்

லாக் நன்றாகத்தான் இருக்கிறது. சியரின் கை எதையோ தொடுகிறது. இரண்டு இடம் பாருங்கள்.

முதலில் விசையைக் கழற்றிவிட்டு லாக்கை மட்டும் இறுக்குங்கள். இப்போதும் நழுவினால் சியர் கை மரத்தை முட்டுகிறது. கையின் நுனியிலும் மேல்பக்கத்திலும் கரி தடவிப் பாருங்கள், எங்கே என்று தெரிந்துவிடும். விசை இல்லாதபோது நின்று, விசை போட்டதும் நழுவினால் விசைத் தகட்டின் மேல்விளிம்பு உயரம். அரத்தால் இரண்டு இழுப்பு, பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. பாதிக்குதிரை (பாதி இழுத்துப் பாதுகாப்பாக நிறுத்தும் நிலை), முழுக்குதிரை, குதிரை விழுந்த நிலை மூன்றிலும் விசை லேசாக ஆடவேண்டும். எந்த நிலையிலும் சியரைத் தூக்கிப் பிடிக்கக்கூடாது.

இன்று நின்றால் போதும் என்று விடாதீர்கள். மழைக்காலத்தில் மரம் ஊதும், மயிரிழை இடைவெளி அப்போது இருக்காது. சியர் கையைச் சுற்றித் தாராளமாக இடம் விடுங்கள், அது வெளியே தெரியாத இடம்.

விசை கனமாக இருந்தால் சியரின் கொக்கியை அரத்தால் தொடாதீர்கள். கோணம் மாறினால் பாதிக்குதிரை பிடிக்காது, அது ஆளைக் கொல்லும் பழுது. கனம் பெரும்பாலும் விசையின் ஊசி இருக்கும் இடத்தால் வருவது. ஊசியை மேலே, சியர் கைக்கு முன்னால் கால் அங்குலத்தில் கொண்டுவந்தால் அதே லாக் வெண்ணெய் மாதிரி விடும்.

மேப்பிள்வரி

கெசக்கோல் துளையைப் பார்த்தீர்களா? முன்செதுக்கிய கட்டையில் நீளமான டிரில் வழிதவறுவது சாதாரணம். குழல் பள்ளத்தின் அடிக்கும் துளையின் மேலுக்கும் நடுவே எட்டில் ஒரு பங்கு அங்குல மரம் இருக்கவேண்டும். ஒரு கம்பைத் துளையில் விட்டு, அது எவ்வளவு தூரம் போகிறது என்பதை வெளியே குறியுங்கள். முன் லாக் திருகு குழலுக்கும் கெசக்கோலுக்கும் நடுவில் அந்த மெல்லிய மரத்தின் வழியாகத்தான் போகவேண்டும். அளக்காமல் துளைத்தால் திருகு கெசக்கோலைக் குறுக்கே மறிக்கும். கொஞ்சமாக மறித்தால் திருகின் அடியில் அரம் போட்டுக் குழி வாங்கலாம். நிறைய மறித்தால் கெசக்கோலின் முனையை அந்த இடத்தில் ஒல்லியாக்குவார்கள், பழைய ரைஃபிள்களிலேயே அப்படிச் செய்தது உண்டு.

உளிமுனை

குழல் ஊசிகளைப் பற்றி ஒரு வார்த்தை. குழலின் அடியில் இருக்கும் காதுகளில் வட்டத் துளை போட்டால் போதாது. நீளவாக்கில் சற்று நீட்டி விடுங்கள். மரம் ஈரத்தில் நீளும் சுருங்கும், இரும்பு அப்படி இல்லை. வட்டத் துளை என்றால் இரண்டாவது கோடைக்குள் முன்கட்டை வில்லாக வளைந்து குழலையும் இழுக்கும். குறி ஏன் மாறியது என்று பிறகு தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பாரவண்டி

குழலின் அடியில் எபாக்ஸி பூசி உட்காரவைத்தால் இவ்வளவு கரி, சீவல் எதுவும் வேண்டாமே? வெளியே தெரியாது, பலமும் கூடும்.

உளிமுனை

புதுக் கட்டையில், பிரீச் பகுதியில் மட்டும், பள்ளம் சரியாக எடுத்த பிறகு என்றால் தப்பில்லை. அரை அங்குல இடைவெளியை நிரப்ப எபாக்ஸி என்றால் அது வேலையைத் தவிர்ப்பது. பசை ஒட்டாமல் காக்கும் மெழுகை இரும்பில் மூலைமுடுக்கு விடாமல் தடவாவிட்டால் குழலும் கட்டையும் சேர்ந்து ஒரே பொருளாகிவிடும்.

துருவேட்டை

பழைய துப்பாக்கியில் எபாக்ஸி கிடையவே கிடையாது. விரிசலுக்கு வச்சிரம்தான், அதாவது சூடாக்கும் விலங்குப் பசை. ஐம்பது வருடம் கழித்து வேறொருவர் ஈரமும் சூடும் காட்டித் திறந்து, இதைவிட நன்றாக ஒட்ட முடியும். எபாக்ஸியைத் திறக்க மரத்தைத்தான் வெட்டவேண்டும்.

செந்தூரன் சொன்ன கழுத்து விரிசலில் பிரச்சினை பசை அல்ல, எண்ணெய். லாக்கிலிருந்து வருடக்கணக்கில் வடிந்த எண்ணெய் மரத்தில் ஊறி இருக்கும், எந்தப் பசையும் பிடிக்காது. அசிட்டோனை விரிசலில் விட்டு, சுண்ணக்கட்டித் தூளைக் குழைத்து மேலே அப்பிக் காயவிடுங்கள், தூள் பழுப்பாகும். உதிர்த்துவிட்டு மறுபடி. வெள்ளையாகவே காயும்வரை. அருகில் தீ வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும், பழைய வார்னிஷில் அசிட்டோன் பட்டால் கரையும் என்பதால் சுற்றிலும் மெழுகு தடவிக்கொள்ளுங்கள். பசை விட்ட பிறகு இறுக்க இரும்பு கிளாம்ப் வேண்டாம், கழுத்து வளைவுக்கு அது பிடிக்காது. பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாகக் கிழித்து இழுத்துச் சுற்றுங்கள், எல்லாப் பக்கமும் ஒரே அளவு இறுகும்.

செந்தூரன்

ஏலத் துப்பாக்கியும் வாங்கியாயிற்று. கம்பு போட்டுப் பார்த்தேன், கன்ஸ்மித்தும் பார்த்தார், காலி. திருகுகள் எதுவும் அசையவில்லை. லாக் தகட்டில் ஒரு பெயர் தெரிகிறது, செய்தவர் அவர்தானா?

துருவேட்டை

லாக்கில் இருக்கும் பெயரை நம்பவேண்டாம். அமெரிக்க ரைஃபிள்களில் லாக் வாங்கிப் போட்டதுதான் அதிகம், பர்மிங்ஹாமிலிருந்து கப்பலில் வந்தவை ஏராளம். லாக்கில் பெரும்பாலும் லாக் செய்தவர் அல்லது இறக்குமதி செய்த கடையின் பெயர் இருக்கும். கட்டியவரின் பெயரைக் குழலின் மேல்முகத்தில், பின்காட்சிக்கும் (குறிபார்க்கும் பின்துண்டுக்கும்) பிரீச்சுக்கும் நடுவில் தேடுங்கள். அதனால்தான் அந்த முகத்தில் எமரித் தாள் போடாதீர்கள் என்று கெஞ்சுகிறோம். எழுத்து மயிரிழை ஆழம்தான், ஒரு மாலை வேலையில் போய்விடும்.

திருகுக்கு வருவோம். கடையில் வாங்கும் ஆப்பு வடிவ ஸ்குரூடிரைவர் வேண்டாம். திருகின் பிளவு மெல்லியது, பக்கங்கள் இணையானவை. அதன் அகலமும் கனமும் அப்படியே வரும்படி நுனியைத் தீட்டுங்கள். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு வாரம். பிறகு சால்டரிங் இரும்பின் நுனியைத் திருகின் தலையில் மட்டும் சில நிமிடம் வைத்து ஆறவிட்டு, முதலில் இறுக்கும் பக்கமாக மயிரிழை, அப்புறம் கழற்றும் பக்கம். வராவிட்டால் இன்னொரு வாரம். பிளவு சிதைந்த திருகைப் பார்த்ததும் வாங்க வந்தவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவார்.

கழற்றியதும் ஓர் அட்டையில் லாக்கின் படம் வரைந்து ஒவ்வொரு திருகையும் அதனதன் இடத்தில் குத்துங்கள். ஆங்கிலப் பொறியாளர் விட்வொர்த் எல்லாத் திருகுக்கும் பொதுவான தன் மரையளவை முன்வைத்ததே 1841ல். அந்தக் காலக் கன்ஸ்மித்தின் திருகு அவருடைய டையில் (மரை வெட்டும் அச்சில்) வெட்டியது, அதனதன் துளைக்கு மட்டும்தான் பொருந்தும். இடம் மாற்றி இறுக்கினால் இரண்டும் கெடும்.

லாக்கை வெளியே எடுக்கும்போது குதிரை பாதியில் இருக்கட்டும். பக்கத் திருகுகளை நான்கைந்து சுற்றுத் தளர்த்தி, தலைகளைக் கொட்டாப்புளியால் மாறி மாறித் தட்டினால் லாக் நேராக வெளியே தள்ளும். முன்னாலிருந்து நெம்பினால் பள்ளத்தின் விளிம்பில் சில்லு பெயரும். உங்களுடையதில் குதிரை அசையவில்லை என்பதால் எண்ணெய் ஊறும்வரை லாக்கையே தொடவேண்டாம். உள்ளே கழற்றும் வரிசை: ஸ்பிரிங் வைஸால் பெரிய ஸ்பிரிங்கை வெளியே எடுக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தி எடுப்பது, சியர் ஸ்பிரிங், சியர், பிரைடில், கடைசியில் குதிரையும் டம்ப்ளரும். ஸ்பிரிங்கை இடுக்கியால் அழுத்துபவர்கள்தான் ஒடிப்பார்கள்.

துரு: மெல்லிய எண்ணெயும் நாலு சைபர் (மிக நுண்ணிய) ஸ்டீல் வூலும், திட்டான இடத்தில் செம்புக் காசின் விளிம்பு. சிவப்புத் துரு போகவேண்டும், அடியில் இருக்கும் பழுப்பு இருக்கவேண்டும். மின்பகுப்புத் தொட்டியில் போட்டால் இரண்டும் போய்ச் சாம்பல் நிறத்தில் செத்த இரும்பு வரும். பித்தளைக்குப் பாலிஷ் வேண்டவே வேண்டாம். முடிவில் நுண்படிக மெழுகு, மெல்லிய துணியால். அந்தத் துப்பாக்கி இனிச் சுவரில் தொங்கட்டும். அது தட்டி இணைத்த இரும்புக் குழலாகவே இருக்கும், உள்ளே துரு எவ்வளவு ஆழம் தின்றிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

கரூர்வாசி

தமிழ்நாட்டிலிருந்து கேட்கிறேன். கிட் வரவழைத்து இங்கே கட்டலாமா?

மேப்பிள்வரி

கூடாது. அமெரிக்காவில் 1968ஆம் வருடத்துச் சட்டம் 1898 வரை செய்த துப்பாக்கியையும், கரிமருந்துக்கான முன்நிறைப்புப் படிகளையும் பழம்பொருளாக வைக்கிறது. அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இந்தியாவில் 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் முன்நிறைப்பும் துப்பாக்கிதான். வைத்திருக்க ஓர் உரிமம், செய்யவும் பழுதுபார்க்கவும் தனி உரிமம். நாட்டுத் துப்பாக்கி வழக்குகள் எல்லாம் அதன்கீழ் வருபவைதான். பழுதுபார்த்தாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்கு மட்டும் 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு. உங்கள் பொருள் அதில் வருகிறதா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள், உரிமம் தரும் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

செந்தூரன்

கட்டை வடிவம் வந்துவிட்டது. வரி மேப்பிள், குறுக்குவரி நன்றாக எழும்பி இருக்கிறது. இழைப்புளி போட்டால் வரிக்கு வரி பெயர்கிறது. நிறத்துக்கு என்ன செய்வது?

மேப்பிள்வரி

வரி மேப்பிளில் ரேகை அலை அலையாக மேலும் கீழும் போகும், அதனால் எந்தப் பக்கம் இழைத்தாலும் பாதி இடம் எதிர்ரேகை. இழைப்புளியை வைத்துவிட்டு ஸ்கிரேப்பர் எடுங்கள், விளிம்பில் சன்னமாகப் பிசிறு திருப்பி. உப்புத்தாளால் முடித்தால் கூரான விளிம்புகள் எல்லாம் உருண்டுபோகும். லாக்கைச் சுற்றிய சமதளம்தான் முதலில் பலியாகும், அந்த விளிம்பு மழுங்கினால் ரைஃபிள் முழுக்கச் சோம்பலாகத் தெரியும்.

பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள், மரம் மயிர் எழும்பும், அதை வழித்துவிடுங்கள். இரண்டு மூன்று தடவை.

நிறத்துக்கு இரும்பு கரைந்த நைட்ரிக் கரைசல், பழைய முறை. அமிலத்தில் ஆணி போட்டு நீங்களே காய்ச்சவேண்டாம், புகையே நுரையீரலைத் தின்னும். தயாராக விற்கும் ஃபெரிக் நைட்ரேட் கரைசலை வாங்குங்கள். தடவிக் காயவிட்டால் அசிங்கமான பச்சை கலந்த சாம்பல் நிறம் வரும், பயப்படாதீர்கள். சூடுகாற்றுத் துப்பாக்கியை அரையடி தள்ளிப் பிடித்து நகர்த்திக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் நிறம் திடீரென்று திரும்பும், பச்சை போய்ச் செம்பழுப்பு ஓடும், வரிகள் கறுத்து எழும்பும். பச்சை மிஞ்சிய இடமெல்லாம் சூடு போதாத இடம். அப்புறம் சமையல்சோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். இந்தக் கழுவலை விட்டவர்களின் கட்டைதான் சில வருடத்தில் பச்சை பாயும். முதலில் அதே மேப்பிளின் வெட்டுத்துண்டில் பாருங்கள். கறுப்பாகிவிட்டால் நாலு சைபர் ஸ்டீல் வூலால் தேய்த்து இறக்கலாம்.

மேலே கொதித்த ஆளிவிதை எண்ணெய், கையால் தேய்த்து, மெல்லிய பூச்சாக. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள்.

லாக்தச்சன்

குழலைப் பழுப்பாக்கும்போது (கரைசலால் மெல்லிய துரு ஏற்றி நிறம் கொடுக்கும்போது) பற்றுவாயையும் வாயையும் அடைத்துவிட்டுச் செய்யுங்கள். எண்ணெய்ப்பசை சுத்தமாகப் போகவேண்டும், கைரேகை பட்ட இடத்தில் பிடிக்காது. கரைசலை ஒரே இழுப்பாக, மெல்லியதாக. ஈரத்துணி தொங்கவிட்ட பெட்டிக்குள் சில மணிநேரம், வெளியே எடுத்து முரட்டுத் துணியால் உலர்ந்த துருவைத் தேய்த்து எடுப்பது, மறுபடி பூச்சு. ஆறேழு பூச்சில் ஒரே சீரான நிறம் வரும். அவசரத்தில் கனமாகப் பூசினால் செம்பாகப் படிந்து திட்டுத்திட்டாக நிற்கும், முதலிலிருந்து வரவேண்டியதுதான். முடிந்ததும் சூடான சமையல்சோடாத் தண்ணீர், பிறகு குழல் சூடாக இருக்கும்போதே எண்ணெய்.

செந்தூரன்

எல்லாம் பொருத்தியாயிற்று. கல் வைத்து, மருந்து இல்லாமல் அடித்துப் பார்த்தேன். பத்தில் நாலுதான் பொறி, அதுவும் மங்கிய சிவப்பு.

லாக்தச்சன்

சிவப்புப் பொறி என்றால் ஃபிரிசன் (கல் உரசும் எஃகுத் தகடு) மெத்து, அல்லது கல் சாய்வு. முதலில் கல். கல்லின் விளிம்பு ஃபிரிசனின் முகத்துக்கு முழு அகலமும் இணையாக இருக்கவேண்டும். ஒரு மூலை மட்டும் பட்டால் முகத்தில் ஒரே கோட்டில் கீறல் தெரியும். தோல் துண்டில் பொதிந்து இறுக்குங்கள், வெறும் கல்லை வெறும் இரும்பு பிடிக்காது. பாதிக்குதிரையில் கல் ஃபிரிசனைத் தொடக்கூடாது, தொட்டால் கல் நீளம். குதிரை விழுந்தபோது விளிம்பு கிண்ணத்தின் நடுவைப் பார்க்கட்டும். அடி ஃபிரிசனின் மேல் மூன்றில் ஒரு பங்கில் விழுந்து கீழே சீவிக்கொண்டு வரவேண்டும். அடி தாழ்வாக விழுந்தால் கல்லின் சரிவுப்பக்கத்தைத் திருப்பிப்போட்டுப் பாருங்கள், மேலே கீழே மாறினால் அடியும் மாறும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சிவப்பு என்றால் ஃபிரிசனின் மூலையில் புது அரத்தை வையுங்கள். வழுக்கினால் கடினம், கடித்தால் மெத்து. கடித்தால் லாக் விற்றவரிடம் அனுப்பி மறுபதம் போடச் சொல்லுங்கள், முதல் ரைஃபிளில் நீங்களே உலை வைக்கவேண்டாம். நல்ல பொறி வெள்ளையாக, கொஞ்சம் மஞ்சளாக, கிண்ணத்தில் விழுந்தபின்னும் ஒரு கணம் சீறிக்கொண்டு கிடக்கும்.

செந்தூரன்

கல்லின் சரிவுப்பக்கத்தைத் திருப்பினேன். பத்துக்கு ஒன்பது, வெள்ளைப் பொறி. ஒன்று மட்டும் பாக்கி: கிட்டோடு வந்த கெசக்கோலில் ரேகை ஓர் இடத்தில் பக்கவாட்டில் வெளியேறுகிறது. பரவாயில்லையா?

உளிமுனை

பரவாயில்லை என்று விடாதீர்கள், இன்றே மாற்றுங்கள். ரேகை வெளியேறும் இடத்தில்தான் கோல் சாய்வாக ஒடியும். குண்டை அழுத்தி இறக்கும் வேகத்தில் ஒடிந்தால் ஈட்டி முனையாக உள்ளங்கையில் ஏறும். அறுத்த கோல் வேண்டாம், ரேகையோடு பிளந்து செதுக்கிய ஹிக்கரி கேளுங்கள். முனையிலிருந்து முனைவரை ஒரே ரேகை ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குண்டை இறக்கும்போதும் கோலைக் குழல் வாயிலிருந்து அரையடிக்கு மேல் பிடிக்காமல், கையை மாற்றி மாற்றிச் சின்னச் சின்ன அழுத்தமாக.